எரிமலைத் தீவின் பறவைகளும் காண்போர் கடனும்

கடலின் நடுவே எரிமலை கக்கி எழுந்த தீவொன்றின் முனையில் நின்று, ஆங்கு முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் கடற்பறவைகளைக் காண்பதற்கென்றே பல்லாயிரம் மைல் கடந்து செல்வார் உளர் என்றால், கேட்போர் பலர் நகைப்பர். "பறவை நம் வீட்டு முற்றத்தில் இல்லையோ? அதனைக் காணக் கப்பலேறவும் வேண்டுமோ?" என்பர். வேறு சிலர், இத்தகைய பயணங்கள் பறவைகட்கே தீங்காய் முடிதலின் அவற்றை அறவே தடுத்தல் வேண்டும் என்பர். இவ்விரு கூற்றும் எனக்கு உடன்பாடல்ல. காண்டல் நன்றே, ஆயினும் காண்பவன் காணப்படும் பொருளுக்கு ஒரு கடன் பூணுகின்றான். தன்னிடத்துள்ள ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுத்தே அக்கடனை அவன் தீர்த்தல் வேண்டும். ஐஸ்லாந்து நாட்டின் தென்கரைக்கு அப்பால் உள்ள வெஸ்ட்மன் தீவுகளின் செய்தி இதற்குத் தக்க சான்றாகும். அங்கே ஒரு கூட்டத்தைச் சேர்ந்த இரு தீவுகளுள் ஒன்றிற் பறவை காண்போர்க்கு வழி திறந்திருக்கின்றது. மற்றொன்றில் வழி அடைபட்டிருக்கின்றது. திறந்ததும் தக்கதே, அடைத்ததும் தக்கதே என்பது என் துணிபு.

வெஸ்ட்மன் தீவுகள் என்பன அட்லாண்டிக் மாகடலிற் சிதறிக் கிடக்கும் பதினைந்தளவான சிறு தீவுகளும் பல பாறைகளுமாம். இவை யாவும் கடலடி எரிமலைகள் ஈன்றவை. இவற்றுள் மக்கள் குடியிருப்பது ஒன்றே. அதன் பெயர் ஹெய்மேய். 'வீட்டுத் தீவு' என்பது பொருள். எதிர்க்கரையில் 2010-ஆம் ஆண்டு ஒரு புதிய துறைமுகம் திறக்கப்பட்டபின், கடல் அமைதியாயிருக்கும் நாளில் முக்கால் மணி நேரத்துக்குள் அத்தீவை அடைந்துவிடலாம். அத்தீவின் தென்கோடியில், ஒடுங்கிய நிலத்துண்டொன்றினால் மட்டும் ஏனைய பகுதியோடு இணைந்து, ஏறக்குறைய 120 மீட்டர் உயரம் எழுந்து நிற்கும் முனைக்கு ஸ்டோர்ஹோவ்தி என்று பெயர். 'பெருமுனை' என நாம் அதனை வழங்கலாம். சில ஆயிரம் ஆண்டுகட்கு முன் எரிமலையொன்று வெடித்ததனால் உண்டான முனை அது. அதன் உச்சியில் 1906-இல் எழுந்த கலங்கரை விளக்கம் ஒன்றுண்டு. காற்றையும் மழையையும் அளந்து குறிக்கும் பணி 1921-இல் அங்கே தொடங்கிற்று. ஐரோப்பாவிற் காற்று மிகக் கடுமையாய் வீசும் இடங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்றது அம்முனை. 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் ஆங்கு அளந்த காற்றின் விரைவு, பத்து நிமிடச் சராசரியாகவே மணிக்கு 200 கிலோமீட்டரைக் கடந்ததாம். மனிதன் நிமிர்ந்து நிற்றற்கும் அரிய இடம் என்க.

இத்துணைக் கொடிய இடத்தைப் பறவைகள் விரும்புதற்குக் காரணம் என்னை? எரிமலையே காரணம். கடல்நீரிற் பட்டுச் சிதறிய எரிசாம்பல் காலப்போக்கில் இறுகிக் கல்லாகின்றது. அலைகள் அதனை அடியில் அரித்து அரித்துச் செங்குத்தான சுவராக்கி விடுகின்றன. சுவரின் முகத்திலுள்ள விளிம்புகளில் ஒருசாராரும், உச்சியிலுள்ள மென்மண்ணில் மற்றொருசாராரும் குடிபுகுகின்றனர். பறவைகளின் எச்சமே எருவாகிப் புல்லைத் தழைக்கச் செய்கின்றது. புல்லின் வேர் மண்ணைப் பிடித்து நிறுத்த, அம்மண்ணில் வளை தோண்டுதல் பறவைக்கு எளிதாகின்றது. ஐஸ்லாந்துப் பெருநிலத்தில் திரியும் நரி இத்தீவுகளில் இல்லை. கீழே கடலோ மீன் நிறைந்தது. நமக்குப் பேரழிவாய்த் தோன்றும் நெருப்பு, பறவைக்கு மாடமும் மதிலுமாய் அமைந்தவாறு வியக்கத்தக்கதே.

இங்கு வாழும் பறவைகளுட் சிறந்தது பஃபின் என்பது. அதற்குத் தமிழிற் பெயரில்லை; நம் கடலில் அஃது இல்லையாதலின் இருக்கவும் வழியில்லை. நெய்தற்பாக்கள் பாடும் கடற்காக்கையை நினைத்துக்கொண்டு இதனைக் கற்பித்துப் பார்ப்பது பொருந்தாது. புறாவினும் சற்றே பருத்தது. நிறை ஏறக்குறைய அரைக் கிலோகிராம். முதுகு கருமை, மார்பு வெண்மை, கால்கள் செம்மஞ்சள். இந்தக் கறுப்பங்கியும் வெள்ளை மார்பும் கண்ட விலங்குநூலார் இலத்தீன் மொழியில் 'சின்னஞ்சிறு துறவி' என்னும் பொருள்படும் பெயரை இதன் இனத்துக்கு இட்டனர். ஆனால், துறவிக்கு ஒவ்வாத ஆடம்பரம் ஒன்று இதற்குண்டு. அதுதான் அலகு. நீலமும் மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாய்த் தீட்டப்பெற்ற அவ்வலகின் மேலுறை, இல்லறக் காலம் முடிந்தவுடன் உதிர்ந்துவிடும். குளிர்காலம் முழுதும் நிறம் மங்கிய சிற்றலகோடு நடுக்கடலில் மிதந்து கிடந்து, ஏப்ரல் மாதத்தில் மீண்டும் அணிபூண்டு கரையேறும். முன்னாண்டின் துணையோடு முன்னாண்டின் வளையையே பெரும்பாலும் நாடும்.

வளை ஒன்றில் ஆண்டுக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய 40 நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் ஆறு வாரத்தளவும் இருவரும் மீன் கொணர்ந்து ஊட்டுவர். ஒரே செலவிற் பத்துக்கு மேற்பட்ட சிறு மீன்களை அலகிற் குறுக்காக வரிசைப்படுத்திக் கொண்டுவரும் திறமை இப்பறவைக்குண்டு. முன்பிடித்த மீனை நாக்கினால் மேலண்ணத்து முட்களோடு அழுத்திக்கொண்டு, அலகைத் திறந்து அடுத்த மீனைப் பற்றும். இவ்வாறு வளர்ந்த குஞ்சு, ஓரிரவில் தாய்தந்தையர் துணையின்றித் தன்னந்தனியே வளையை விட்டு வெளியேறிக் கடலுக்குச் செல்லும். அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு அது நிலத்தை மிதியாது. தான் முட்டையிடும் பருவம் எய்த ஐந்தாண்டளவு ஆகும். இருபது முப்பது ஆண்டு வாழும். ஆண்டுக்கு ஒரு குஞ்சு, நெடிய வாழ்நாள் என்னும் இவ்விரண்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். மேலே நான் கூறப்போகும் வழக்கு இவற்றின்மேல் நிற்பது.

தீவின் மக்கள் இப்பறவையைப் பார்த்து மகிழ்ந்தே வாழ்ந்தாரல்லர், தின்று வாழ்ந்தனர். மரமற்ற, வயலற்ற, கப்பல் நெருங்குதற்கரிய தீவில் பறவை இறைச்சி உப்பிட்டும் புகையூட்டியும் குளிர்காலத்துக்கு வைக்கப்பெற்றது, இறகு மெத்தைக்காயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபேரோத் தீவுகளிலிருந்து ஒரு வலை வந்தது. நீண்ட கழியின் நுனியிற் கட்டிய அவ்வலையைக் குன்றின் விளிம்பிற் கிடந்து வீசி, பறந்து கடக்கும் பறவையை அந்தரத்திலேயே பிடிப்பர். வளையைத் தோண்டி முட்டையையும் தாயையும் ஒருங்கே அழிக்கும் பழைய முறையினும் இது நன்று. மேலும், அலகில் மீன் சுமந்து வரும் பறவையைப் பிடித்தலாகாது என்பதொரு வழக்கும் வேட்டைக்காரரிடை இருந்தது. மீன் சுமந்து வருவது எங்கோ ஒரு குஞ்சுக்கு உணவு கொண்டு வருவதன்றோ? சட்டம் எழுதுவார் எவருமில்லாத காலத்தே பசித்தவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட இவ்வரம்பை நான் மிகவும் மதிக்கின்றேன்.

இவ்வாறு பறவையைத் தின்ற தீவினரே பறவையைக் காப்போராயினர். அதுவே இவ்வரலாற்றிற் சுவைமிக்க பகுதி. ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியிலும் செப்டம்பர்த் தொடக்கத்திலும் குஞ்சுகள் இரவில் வளையை விட்டு வெளியேறுகின்றன என்றேன். கடலின்மேல் தோன்றும் வெளிச்சமே அவற்றுக்கு வழிகாட்டி. ஆனால், ஹெய்மேய்த் துறைமுகத்திலும் தெருக்களிலும் எரியும் விளக்குகள் அவற்றை மயக்குகின்றன. கடலென்று கருதி ஊருக்குள் வந்து விழுகின்ற குஞ்சு, தட்டையான தரையிலிருந்து எழும்ப மாட்டாது தவிக்கும். பூனைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அஃது இரை. ஆதலின் அவ்வூர்ச் சிறுவர் சிறுமியர் அட்டைப் பெட்டிகளை ஏந்தி, கைவிளக்கோடு நள்ளிரவளவும் தெருத்தெருவாய்த் திரிந்து, வண்டிகளின் அடியிலும் மீன் மூட்டைகளின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் குஞ்சுகளைத் தேடிப் பிடிக்கின்றனர். அன்றிரவு பெட்டியிற் பாதுகாத்து, மறுநாட்காலை கடலோரக் குன்றின் விளிம்பிற்குக் கொண்டுசென்று, இரு கையாலும் ஏந்திக் காற்றில் எறிந்து விடுகின்றனர். குஞ்சு சிறகடித்துக் கீழிறங்கி நீரிற் சேர்கின்றது. 2003-ஆம் ஆண்டு முதல் இவ்வாறு பிடிக்கப்படும் குஞ்சுகளை எண்ணியும் நிறுத்தும் குறித்து வைக்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு, இன்று ஆராய்ச்சியாளர் நாடும் கணக்கேடாயிற்று. அவ்வாண்டு கடல் குஞ்சுகளை எவ்வளவு ஊட்டிற்று என்பதை, அச்சிறு கைகள் நிறுத்த நிறையைக் கொண்டே அவர்கள் அறிகின்றனர்.

இதைக் கேட்டு ஏளனஞ் செய்வாரும் உண்டு. "செப்டம்பரிற் குஞ்சைக் காப்பாற்றிக் கடலில் விடுகின்றவன், மற்றொரு கோடையில் அப்பறவையையே வலையிற் பிடித்து விருந்தில் வைக்கின்றான். இஃது என்ன இரக்கம்?" என்பர். இவ்வேளனம் மேலோட்டமானது. ஆட்டுக்குட்டி பள்ளத்தில் விழுந்தால் இரவெல்லாம் தேடுகின்ற இடையன், ஊன் உண்ணாதவன் என்று யார் சொன்னார்? ஓர் உயிரோடு கலந்து வாழ்பவனுக்கே அதன் துன்பம் கண்ணிற் படுகின்றது. பறவை பெருகியிருந்த நாளில், வலையும் பெட்டியும் ஒரு வீட்டின் மூலையில் இருந்ததில் முரண்பாடு யாதுமில்லை. முரண்பாடு பின்னர் வந்தது. அது பறவை குறைந்தபோது வந்தது.

இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், ஏறக்குறைய 2005 தொடங்கி, பல ஆண்டுகள் அத்தீவுகளிற் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளைகளில் முட்டை கைவிடப்பட்டுக் கிடந்தது. பொரித்த குஞ்சும் பட்டினியால் மாண்டது. பஃபின் தன் குஞ்சுக்கு ஊட்டும் சாண்டீல் என்னும் விரலளவான மெல்லிய மீன் அக்கடலில் அருகியதே உடனடிக் காரணம். கடல்நீரின் வெப்பம் ஏறியதனோடு இது தொடர்புடையதென்பது ஆராய்ந்தோர் கருத்து. 2015-ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இப்பறவையை அழியும் இடர்க்குட்பட்ட இனங்களின் வரிசையிற் சேர்த்தது. உலகத்திலுள்ள பஃபின்களிற் பெரும்பங்கு ஐஸ்லாந்திலும், ஐஸ்லாந்திலுள்ளவற்றின் மிகப்பெரிய குடியிருப்பு வெஸ்ட்மன் தீவுகளிலும் உள்ளமையால், இத்தீவுகளிற் குஞ்சு பிழையாமை ஓர் ஊரின் குறையாக மட்டும் நிற்பதன்று.

இங்கேதான் வலையின் கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோடைக்காலத்தில் குன்றைச் சுற்றிச் சுற்றிப் பறந்து வேடிக்கை பார்ப்பன பெரும்பாலும் இன்னும் மணம் புரியாத இளம் பறவைகள். வலையில் அவையே மிகுதியும் அகப்படும். வளையும் குஞ்சும் உடைய முதுபறவைகள் அத்துணை அகப்படா. ஆதலாற்றான் தலைமுறை தலைமுறையாய் வேட்டையாடியும் இனம் குன்றவில்லை. ஆனால், தொடர்ந்து சில ஆண்டு குஞ்சே பிழையாவிடின், இளம் பறவை எங்கிருந்து வரும்? அப்போது அதே வலை, அதே கை, அதே வழக்கம், முதுபறவையைத் தொடும். ஆண்டுக்கு ஒரு முட்டையன்றி இடாத ஓர் இனத்தில் முதுபறவையின் சாவு எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று. பாட்டனார் செய்தபடியே செய்கின்றேன் என்று ஒருவன் கூறலாம். செய்கை ஒன்றேயாயினும் அதன் விளைவு மாறிவிட்டது. மீன் சுமந்த பறவையைப் பிடியாதே என்ற அப்பழைய வேட்டைக்காரனே இன்று இருந்திருப்பானாயின், வலையைச் சுவரிற் சாத்தியிருப்பான் என்றே கருதுகின்றேன்.

தீவினர் அவ்வாறு செய்யாமலும் இல்லை. 2011-ஆம் ஆண்டு அங்கே வேட்டை நிறுத்தப்பட்டது. பின்னர், கோடை முழுதும் நடந்த வேட்டை ஒருசில நாளளவாய்ச் சுருங்கிற்று. வலையெறியும் உரிமை தம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் எனக் கருதும் மக்கள் இவ்வளவு விட்டுக்கொடுத்தது சிறிதன்று. ஆயினும் என் கருத்தை ஒளியாது கூறுவேன்: அச்சில நாளும் வேண்டா. 2015-ஐ அடுத்த ஆண்டுகளிற் குஞ்சுகள் மீண்டும் மிகுதியாய்த் தென்பட்டன; நல்ல ஆண்டொன்றில் ஊர்ப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்துக் கடலில் விட்டனர். இதைக் காட்டி, "பஞ்சம் தீர்ந்தது, வலையை எடுக்கலாம்" என்று வாதிப்பது பிழை. இன்று கடலுக்குச் செல்லும் குஞ்சு முட்டையிடுதற்கு இன்னும் ஐந்தாண்டு வேண்டும். அவ்விடைக்காலத்தே கடல் மறுபடியும் வறளாது என்று உறுதி கூறுவார் யார்? பல்லாண்டுப் பட்டினியை ஈரிரண்டு நல்லாண்டு தீர்த்துவிடாது.

இனி, காண வருவோரைப் பற்றிச் சொல்லல் வேண்டும். அவரிடத்தே எனக்குக் குறை மிகுதி. தீவினன் வலையை விட்டான். உறக்கத்தை விட்டுக் குஞ்சைத் தேடினான். வருவோர் எதை விட்டார்? ஸ்டோர்ஹோவ்தி முனையின் சரிவில், பறவைக்கு அச்சம் உண்டாகாதவாறு மறைந்திருந்து பார்ப்பதற்கென ஒரு சிறு மரக்குடில் கட்டியிருக்கின்றனர். அதற்குச் செல்லும் நடைவழியும் உண்டு. காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்கி, சாளரத்தின் வழியே சில அடித் தொலைவிற் பறவையின் இல்வாழ்க்கையைக் கண்டு மகிழலாம். இதற்குமேல் ஒருவருக்கு என்ன வேண்டும்? ஆனால் இத்தகைய பறவை முனைகளிலெல்லாம் வழியை விட்டிறங்கிப் புற்சரிவில் நடப்பாரும், பறவையின் முகத்துக்கு நேரே படக்கருவியை நீட்டுவாரும் உளர். அடர்ந்த புல்லின்கீழ் ஒரு முழ ஆழத்தில் குஞ்சு இருக்கின்றது என்பதை அக்கால்கள் அறியா. எரிசாம்பல் மண் பொறையுடையது. காலடியில் வளை இடிந்துவிடும். இடியாவிடினும், வாயிலருகே மனிதன் நிற்குமளவும் மீன் சுமந்த தாய் இறங்காது. கடலுக்கும் குன்றுக்குமிடையே வட்டமிட்டுக்கொண்டேயிருக்கும். அதற்குள் கடற்காக்கை வந்து மீனைப் பறித்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. படம் எடுத்தவர் மகிழ்ச்சியோடு திரும்புவர். வளையில் இருந்ததற்கு அவ்வேளை உணவு இல்லை.

வேட்டைக்காரன் மீன் சுமந்த பறவைக்கு வழிவிட்டான். பார்க்க வருபவன் அவ்வளவாவது செய்யலாகாதோ? அவன் விட்டுக்கொடுக்க வேண்டுவது பணமன்று, அணுக்கம். இன்னும் பத்தடி நெருங்கலாம் என்னுமிடத்தே நின்றுவிடுதல். குடிலுக்குள் இருந்தே காணுதல். பறவை தானே நெருங்கி வந்தாலன்றித் தான் நெருங்காமை. குஞ்சு வளரும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிற் சரிவின் மீது வழிதவறி ஒருவரும் நடவாதபடி காவலர் ஒருவரை நிறுத்துதலும் தகும் என்பேன். இதனை மிகை என்பார், மனிதர் வருகையினால் அவ்வூர்க்குக் கிடைக்கும் பொருளை எண்ணிப் பார்ப்பாராக. அப்பொருள் பறவையினால் வருவது.

மற்றொரு தீவுக்கு வருவோம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், ஹெய்மேயின் தென்மேற்கே, 130 மீட்டர் ஆழமுள்ள கடலிலிருந்து புகை எழுந்தது. சில நாளில் நிலம் தோன்றிற்று. 1967 ஜூன் மாதம் வரை எரிந்து, எரிமலை ஓய்ந்தபோது, ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள புதுத்தீவு ஒன்று உலகப் படத்தில் ஏறிற்று. பழங்கதையிலே வரும் நெருப்பரக்கன் சுர்ட்டின் பெயரால் அதனைச் சுர்ட்சேய் என்றனர். ஆதியில் நீரினின்று நிலம் வெளிப்பட்ட நாளை ஓதிக் கேட்டவர்க்கு, அதனைக் கண்ணாற் காணும் வாய்ப்பு நம் காலத்தே வாய்த்தது என்று சொல்லலாம். அறிஞர் விரைந்து ஒன்று செய்தனர். எரிமலை ஓயுமுன்னரே, 1965-இல், தீவை மனிதர் கால்படாத காப்பிடமாக்கினர். அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளரன்றி எவரும் அங்கே இறங்கலாகாது. 2008-இல் அஃது உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாயிற்று.

வெறும் கரும்பாறையில் உயிர் எவ்வாறு குடியேறுகின்றது என்பதை அங்கே கண்டனர். 1970-ஆம் ஆண்டு ஃபுல்மர், கில்லிமாட் என்னும் இருவகைப் பறவைகள் முதன்முதலாய்ப் பாறை விளிம்பில் முட்டையிட்டன. விதைகள் காற்றிலும் நீரிலும் வந்தனவாயினும், எருவின்மையாற் பல ஆண்டு பெரிதும் தழையவில்லை. 1986-ஐ ஒட்டிக் கடற்காக்கைகள் ஒரு கூட்டமாய் வந்து தங்கி முட்டையிடத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. அவை இட்ட எச்சம் பாறைமேல் மண்ணாயிற்று. அவ்விடம் பசும்புல் நிலமாயிற்று. அதன்பின் 2004-ஆம் ஆண்டு பஃபின் வந்தது. மண்ணும் புல்லும் இன்றி வளை ஏது? கடற்காக்கை மனையைப் பண்படுத்தி வைத்தபின்னரே துறவியார் குடிபுகுந்தார். இவ்வொழுங்கில் ஒரு மனிதன் மிதித்த விதையொன்று புகுந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். ஒருகால் அங்கே தக்காளிச் செடியொன்று முளைத்திருக்கக் கண்டு ஆராய்ச்சியாளர் திகைத்தனர். தீவுக்கு வந்திருந்த ஒருவரின் வயிற்றின் வழியே வந்த விதை அது என்று தெளிந்து, செடியைக் களைந்தெறிந்தனர். சிரிப்புக்கிடமான செய்திதான், ஆயினும், நல்லெண்ணத்தோடு செல்பவனும் தன்னை அறியாமலே எதையாவது விட்டுவிட்டு வருகின்றான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடையாது.

சுர்ட்சேயையும் காண்போர்க்குத் திறந்துவிடலாமே, பத்துப் பேர் இறங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பாருண்டு. தோமாவைப்போலக் கையாற் தொட்டாலன்றி அமைதி பெறாத உள்ளங்கள் எக்காலத்தும் உண்டு. ஹெய்மேயில் மனிதன் நெடுநாள் வாழ்ந்திருக்கின்றான்; ஆங்குப் பறவையும் அவனும் ஒருவரையொருவர் அறிந்து ஒருவகை உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆதலின், அவன் வழிகாட்டப் பிறர் சென்று காண்பது அத்தீவுக்குத் தகும். சுர்ட்சேயில் அத்தகைய உடன்படிக்கை இல்லை. அங்கே மனிதன் இன்மையே ஆராயப்படும் பொருள். இவ்விரு தீவுகளையும் நேரிற் காணாத நான், காண்போர்க்கு விதி கூறலாமோ என்று ஒருவர் கேட்கலாம். கூறலாம் என்றே நினைக்கின்றேன். சுர்ட்சேயை உலக மக்களுள் ஒருசிலர் தவிர எவரும் காணப்போவதில்லை; ஆயினும் அஃது அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று விரும்புதற்கு யாவர்க்கும் உரிமை உண்டு.

நெருப்பு அத்தீவினரை ஒருமுறை நேரிலேயே வந்து சந்தித்தது. 1973-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் இரவு இரண்டு மணியளவில், ஹெய்மேய் ஊரின் கிழக்கெல்லையில் நிலம் பிளந்து தீ எழுந்தது. முன்னாள் வீசிய புயலினால் மீன்பிடி மரக்கலங்கள் அனைத்தும் துறைமுகத்தில் தங்கியிருந்தமை இறைவன் அருளே எனலாம். ஏறக்குறைய 5,300 மக்களும் விடிவதற்குள் கடல் கடந்தனர். வீடுகள் 400 அளவு சாம்பலிலும் குழம்பிலும் மறைந்தன. கல்லறைத் தோட்டத்து வாயில் மட்டும், உயிரைப் பற்றிய ஆண்டவர் வாக்குப் பொறித்த வளைவோடு, சாம்பலுக்குமேல் தலைநீட்டி நின்றது. துறைமுக வாயிலை அடைக்க ஊர்ந்துவந்த குழம்பின்மீது பல மாதம் கடல்நீரைப் பீய்ச்சி அதனை உறைய வைத்தனர். ஜூலைத் தொடக்கத்தில் எரிமலை அடங்கியது. மக்களிற் பெரும்பாலோர் திரும்பிவந்து, ஆறாத குழம்பின் வெப்பத்தையே குழாய்வழிக் கொணர்ந்து பல ஆண்டு தம் வீடுகளுக்குச் சூடேற்றினர். பறவைகளைப்போலவே தாமும் எரிமலையின்மேற் குடியிருப்போர் என்பதை இம்மக்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

தெருவிளக்கைப் பற்றி ஒரு சொல். குஞ்சு வெளியேறும் வாரங்களில் ஊரின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டால் பெட்டி தூக்கும் பிள்ளைகட்கு வேலையே இல்லையன்றோ எனலாம். வீட்டு விளக்குகளையும் வீண் விளக்குகளையும் மறைத்தல் கூடும், அது செய்யத்தக்கதே. ஆனால் இரவிலும் மரக்கலங்கள் வந்துபோகும் துறைமுகம் இருளில் இருத்தலாகாது. ஆதலின் பிள்ளைகளின் இரவுக்காவல் நீடிக்கவே செய்யும். அக்காவல் கடலின் பசியைத் தீர்க்காது என்பதும் உண்மை. தெருவில் விழுந்த குஞ்சை எடுத்துக் கடலில் விடலாம். வளையில் மீனின்றி மாண்ட குஞ்சுக்குப் பெட்டியால் ஆவது ஒன்றுமில்லை. கடல் சூடேறுதலின் காரணம் அத்தீவில் இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் எல்லா நாடுகளிலும் இருக்கின்றது. பறவை காண விமானமேறி வருபவரும் அக்கணக்கில் அடங்குவர். அடிக்கடி வந்து விரைந்து மீள்வதினும், ஒருமுறை வந்து பலநாள் தங்கிக் காண்பது நன்றென்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுர்ட்சேய் தோன்றிய நாள் முதல் தேய்ந்துவருகின்றது. அலை அதன் பரப்பிற் பாதிக்குமேல் விழுங்கிவிட்டது. ஓரத்திலுள்ள குழம்புப் பாறை உடைந்து கரைகின்றது. நடுவே சாம்பல் இறுகிக் கல்லான பகுதியோ நெடுங்காலம் நிற்கும் என்கின்றனர். தட்டை நிலமெல்லாம் போய், செங்குத்தான சுவரும் உச்சியிற் புல்லுமாய் அது எஞ்சும். ஸ்டோர்ஹோவ்தி முனையைப்போன்ற அத்தகைய இடமே பஃபினுக்கு உகந்த வீடு.